சவ அடக்கவியல் வழியாக மருத்துவம்

எங்கள் அலுவலகத்துக்கு முதலில் 'கடன் பிரிவு' என்றுதான் பெயர். அந்தப் பெயரைப் படித்தால் மாணவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது என்று ஒரு குழு ஆய்வு செய்து சொன்னது. ஆய்வுக்கு ஒன்பதாயிரம் டாலர். அதன் பிறகு கதவில் 'சாத்தியங்கள் மையம்' என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். வயிற்றைக் கலக்குவது நிற்கவில்லை. பலகையைத் துடைப்பது மட்டும் என் வேலைகளோடு சேர்ந்துகொண்டது.

என் பெயர் ரஸ்ஸல் வாவ்ரா. பென்சில்வேனியாவின் மேற்கோரத்தில், ஆற்றங்கரையில் இருக்கிற கார்வர் ஃபெரி கல்லூரியில், அந்த மையத்தின் முதல் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன். இரண்டாவது ஜன்னல் என்று எதுவும் கிடையாது.

இயக்குநர் டாக்டர் பெவர்லி ஹாஸ்கின்ஸ். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது மேசையில் எந்த மிட்டாய் இருந்தால் மாணவனின் கை தயங்காது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பெப்பர்மின்ட் என்று முடிவாகியிருக்கிறது. எல்லாரையும் 'கண்ணு' என்பார். என்னை மட்டும் 'ரஸ்' என்பார், அதுவும் எதையாவது எடுத்துவரச் சொல்லும்போது.

லோர்னா டூடெக் ஓர் ஆகஸ்டு மாதம் என் ஜன்னலுக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது. மருத்துவமனைச் சீருடையோடு வந்திருந்தாள்.

"டாக்டருக்குப் படிக்கணும்" என்றாள். "அதுக்கு முன்னாடி கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி எல்லாம் முடிக்கணுமாமே. இங்க ரெண்டு வருஷப் படிப்பு இருக்குன்னாங்க. டிகிரி ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"என்ன டிகிரி?"

"சங்கீதம். ஹார்ன்னு ஊதற வாத்தியம் வாசிப்பேன்."

"இப்ப என்ன வேலை?"

"ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கறேன். ஆறு வருஷம் ஆச்சு. வாராவாரம் அதே ஆளுங்க கையை நீட்டிட்டு, ரிப்போர்ட்டுல என்னம்மா இருக்குன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியும். ஆனா சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்ல. சொல்ற நாற்காலியில போய் உக்காரணும், அவ்வளவுதான்."

இவ்வளவு தெளிவாகக் காரணம் சொன்னவர்களை அந்த ஜன்னலில் நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முப்பத்துநாலாயிரம் டாலர் ஆகும் என்றேன். கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொண்டு, "கடன் கிடைக்குமில்ல?" என்றாள்.

கிடைக்கும். ஆனால், இந்தப் படிப்பைப் படித்தால்தான் சேர முடியும் என்று ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரி எழுதிக் கொடுக்க வேண்டும். லோர்னா ஆறு கல்லூரிகளுக்கு எழுதினாள். தங்களிடம் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே கடிதம் தர முடியும் என்று ஐந்து கல்லூரிகள் பதில் போட்டன. விண்ணப்பிக்க வேண்டுமானால் இந்தப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஆறாவது கல்லூரி நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்பியது.

டாக்டர் ஹாஸ்கின்ஸ் அதை வாங்கிப் படித்துவிட்டு மகிழ்ந்துபோனார். "இதுல கல்லூரி பேரு இருக்கு, டீன் கையெழுத்து இருக்கு, 'உங்கள் எதிர்காலம்'னு ஒரு வார்த்தை வேற இருக்கு. இதுக்கு மேல அரசாங்கத்துக்கு என்ன கண்ணு வேணும்?" அரசாங்கத்துக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் பதினைந்தாம் தேதி கடன் வந்துவிட்டது.

முதல் வருஷம் முழுக்க அவள் வேலைக்கும் வகுப்புக்கும் நடுவே காரிலேயே சாப்பிட்டாள். எல்லாப் பாடத்திலும் முதல் தரம். ஒருநாள் நடைக்கூடச் சுவரைப் பார்த்தபடி நின்றவள் என்னிடம் வந்தாள். எங்கள் முன்படிப்பு முடித்து மருத்துவத்தில் சேர்ந்தவர்களின் படங்கள் அங்கே வருஷவாரியாகத் தொங்கும்.

"எங்க வகுப்புல நாப்பது பேர் இருக்கோம். சுவத்துல வருஷத்துக்கு ரெண்டு படந்தான் இருக்கு. மத்தவங்க எங்க?"

"மத்தவங்க விண்ணப்பிக்கல" என்றேன். அப்படிச் சொல்லத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அது உண்மையும்கூட.

அடுத்த அக்டோபர் பதினான்காம் தேதி, கரிம வேதியியல் தேர்வுக்கு முதல் நாள், அவளுடைய கடன் நின்றுபோயிற்று. முன்படிப்புக்கு அரசாங்கம் தொடர்ந்து பன்னிரண்டு மாதம்தான் கடன் கொடுக்கும், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. படிப்போ இருபத்துநாலு மாதம். இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்று லோர்னா கேட்டாள்.

"முதல்லயே சொன்னா யாரும் சேர மாட்டாங்களே கண்ணு" என்றார் டாக்டர் ஹாஸ்கின்ஸ். மிட்டாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "பயப்படாதே, வழி இருக்கு. ரெண்டாவதா ஒரு பட்டப்படிப்புல சேர்ந்துட்டா கடன் தடையில்லாம ஓடும். பேருக்குத்தான். அந்தக் கணக்குலயே உன் கெமிஸ்ட்ரியும் போயிடும். ரஸ், பட்டியலை எடு."

எங்கள் கல்லூரியில் நாற்பத்தொரு பட்டப்படிப்புகள் உண்டு. நாற்பதில் செப்டம்பரில்தான் சேர முடியும். ஒன்றில் மட்டும் வருஷத்தின் எந்த நாளிலும் சேரலாம், ஏனென்றால் அந்தத் தொழிலுக்குப் பருவம் கிடையாது.

"சவ அடக்கவியலா?" என்றாள் லோர்னா.

"பேருக்குத்தான்" என்றார் மறுபடி.

லோர்னா கையெழுத்துப் போட்டாள். கை தயங்கவில்லை. ஆராய்ச்சி பொய்க்கவில்லை.

பேருக்குச் சேர்ந்தவர்களையும் அரசாங்கம் சும்மா விடுவதில்லை. பட்டத்தை நோக்கி முன்னேற்றம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கடன் நிற்கும். வேதியியல் கணக்கில் வந்தது, இயற்பியல் வரவில்லை. உடல் பதப்படுத்தல் வந்தது, முகச் சீரமைப்பு வந்தது, துக்க வீட்டில் பேசும் முறை வந்தது. ஆகவே லோர்னா வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சிக்கூடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போகலானாள்.

அங்கே பாடம் நடத்துபவர் கஸ் பெட்ராக்கிஸ். வகுப்பில் பதினேழு பேர். முதல் நாள் அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"சவ அடக்கம் படிக்கணும்னே வந்தவங்க யாரு?"

ஒரு கை உயர்ந்தது. அந்தப் பையனின் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக அடக்க இல்லம் இருக்கிறது.

"டாக்டர் ஆகணும்னு வந்தவங்க?"

பதினாறு கைகள் உயர்ந்தன.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றார் கஸ். "புஸ்தகத்தை எடுங்க, பக்கம் பதினொண்ணு."

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அதே கீழ்த்தளத்தில், அதே கேள்விக்கு, நானும் ஒரு காலத்தில் இரண்டாவது தடவைதான் கை தூக்கினேன்.

அன்று சாயங்காலம் லோர்னா மேலே வந்து என் ஜன்னலில் சாய்ந்துகொண்டாள். "நீங்க வாயே திறக்கலியே" என்றாள். கோபம் இருந்தது, ஆனால் களைப்பு அதைவிட அதிகமாக இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மருத்துவக் கல்லூரிகளில் புது மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு அணிவிக்கும் விழா நடக்கும். நம் மாணவர்கள் மட்டும் ஏன் மனம் குன்ற வேண்டும் என்று டாக்டர் ஹாஸ்கின்ஸ் கறுப்புக் கோட்டு விழா ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறார். கோட்டின் விலை கடனில் சேர்ந்துவிடும். லோர்னாவின் அம்மா ஐரீன் ஒரு தட்டு நிறையப் பிஸ்கட் சுட்டு எடுத்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி கறுப்பா இருக்கு?" என்று மகளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"முதல்ல கறுப்பும்மா. வெள்ளை அப்புறம்."

டாக்டர் ஹாஸ்கின்ஸ் மேடையில் ஏறினார். அவருடைய பேச்சை ஒவ்வொரு வருஷமும் தட்டச்சு செய்பவன் நான்தான், அதனால் வரி பிசகாமல் சொல்ல முடியும்.

"பெற்றோர்களே, கடனை வசூலிக்கிற வங்கிகள் இந்தப் படிப்பு மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. டாக்டருக்குப் படிக்கிறவன் நடுவுல தோத்துப் போகலாம். நோயாளி பிழைச்சுக்கிட்டு வேற டாக்டர்கிட்ட போயிடலாம். இங்க அந்த மாதிரி நிச்சயமின்மை எதுவும் கிடையாது. மனுஷனைக் குணப்படுத்தணுங்கிற ஆசையோட உங்க பிள்ளைங்க வந்தாங்க. அந்த ஆசையை நாங்க கொஞ்சமும் வீணாக்கல. அதுக்கு ஒரு மாசத் தவணை போட்டுக் கொடுத்திருக்கோம்."

பலமாகக் கை தட்டினார்கள். ஐரீனும் தட்டினார். லோர்னா தட்டவில்லை. கோட்டின் உள்பையில் ஏதோ துண்டுச்சீட்டு இருப்பதைப் பார்த்துப் பிரித்தாள். கோட்டுக்கான ரசீது அது.

இயற்பியலையும் விடாமல், கைக்காசு போட்டு, அவள் முன்படிப்பை முடித்தாள். சவ அடக்கவியலிலும் முதலிடம். முகச் சீரமைப்பு வகுப்பில் மெழுகில் அவள் செய்த மூக்கு அவ்வளவு அசலாக இருந்ததால் கஸ் அதைக் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்தார். ஜூன் மாதம், மருத்துவக் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் குழு அவளை அழைத்தது. குழுவில் டாக்டர் ஹாஸ்கின்ஸ், வேதியியல் பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட், அரசாங்கக் கடனை வசூலிக்கிற வங்கியிலிருந்து ஒரு பார்வையாளர். குறிப்பெடுக்க நான்.

"உன் மார்க்கெல்லாம் அருமை கண்ணு" என்று டாக்டர் ஹாஸ்கின்ஸ் ஆரம்பித்தார். "ஆனா ஃபைலைப் படிச்சா எனக்கு ஒரு குழப்பம். நீ சவ அடக்கவியல் மாணவி. அதுல முதல் ஆளா வந்திருக்கே. அப்படிப்பட்டவ எதுக்குத் திடீர்னு மருத்துவம் பக்கம் திரும்பறே?"

"நீங்கதானே அதுல சேரச் சொன்னீங்க?"

"கையெழுத்து உன்னுதுதானே."

லிண்ட்குவிஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். "குறிக்கோள்ல ஓர் உறுதி வேணும்மா. இன்னிக்குச் சவம், நாளைக்கு நோயாளின்னு தாவினா எப்படி?"

"பொதுவா அந்த வரிசையில யாரும் தாவறதில்ல சார்" என்றாள் லோர்னா.

வங்கிக்காரர் மட்டும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். நான் குறிப்பில் 'மௌனம்' என்று எழுதினேன்.

டாக்டர் ஹாஸ்கின்ஸ் ஒரு தாளை அவள் முன்னே வைத்தார். 'சுயவிருப்ப விலகல்' என்று தலைப்பு. அவளுடைய பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அச்சடித்தவன் நான்.

"எங்க கடிதத்தோட போனவங்கள்ல நூத்துக்கு நூறு பேருக்கு இடம் கிடைச்சிருக்கு. ஏன் தெரியுமா? கிடைக்கும்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்களுக்குத்தான் கடிதமே கொடுப்போம். இந்த வருஷம் ரெண்டு பேரு. நீ போய், ஒருவேளை கிடைக்காமப் போனா எங்க நூறு என்ன ஆகும்? அந்த நூறைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் நாப்பது பேரு வரப்போறாங்க. அவங்களை நினைச்சுப் பாரு கண்ணு."

"கையெழுத்துப் போடலேன்னா?"

"ஒண்ணும் ஆகாது. நீ எங்க ஆளு இல்லைன்னு ஆயிடும். ஆறு மாசம் கழிச்சுக் கடன் முழிச்சுக்கும். அவ்வளவுதான்."

லோர்னா தாளை மடித்து, மிட்டாய்க் கிண்ணத்துக்கு அடியில் செருகிவிட்டு எழுந்து போனாள். ஒன்பது வருஷமாக அந்த அறையில் குறிப்பெடுக்கிறேன். கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவர் அவள் ஒருத்திதான். குறிப்பில் 'கூட்டம் நிறைவுற்றது' என்று எழுதினேன்.

ஆறு மாதம் கழித்துக் கடன் விழித்துக்கொண்டது. மாதம் அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர். அவள் ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்டு ரத்தம் எடுத்தாள். எங்கள் கடிதம் இல்லாமலே ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். எட்டு நிராகரித்தன. ஒஹையோவில் ஒன்று நேர்காணலுக்கு அழைத்து, மார்ச் மாதம் இடம் கொடுத்துவிட்டது.

அந்தக் கடிதத்தை அவள் என் ஜன்னலில் விரித்துக் காட்டியபோது நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டு முறை படித்தேன்.

"கடைசி மதிப்பெண் சான்றிதழ் மட்டும் அனுப்பணுமாம்" என்றாள். "முத்திரை போட்டு, இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள தபால்ல சேத்துடணும். இல்லேன்னா இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

கணினியில் அவளுடைய பெயரை அடித்தேன். சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. பாக்கி: நாற்பத்தொரு டாலர் இருபது சென்ட். காரணம்: திருப்பித் தராத மெழுகு.

அவள் பணத்தை எடுத்து வைத்தாள். வாங்க முடியவில்லை. பணம் மாணவர் கணக்கில்தான் வரவாகும். அவள் மாணவி இல்லை என்பதால் கணக்கு மூடியிருந்தது. கணக்கைத் திறக்க மறுபடி சவ அடக்கவியலில் சேர வேண்டும். சேர்ந்தால் அவள் படித்துக்கொண்டிருக்கும் மாணவி ஆகிவிடுவாள். அவளுக்குக் கடைசிச் சான்றிதழ் கொடுக்க முடியாது. கஸ் அலமாரியைத் திறந்து மூக்கையே எடுத்துக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை லோர்னா அதைச் சாண்ட்விச் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். டாக்டர் ஹாஸ்கின்ஸ் டப்பாவுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"இது கல்லூரியோட சொத்து கண்ணு. காட்சிப் பொருள். கல்லூரி சொத்தை வச்சுக் கல்லூரி பாக்கியைக் கட்ட முடியுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட வெளிப்படையாவே சொல்றேன். எங்க கடிதம் இல்லாம ஒருத்தி போய்ச் சேர்ந்துட்டான்னு வச்சுக்கோ. அப்புறம் எங்க கடிதம் எதுக்கு? கடிதம் எதுக்குன்னு கேட்டா, குழு எதுக்குன்னு கேப்பாங்க. குழு எதுக்குன்னு கேட்டா நான் எதுக்கு? ஒரு நல்ல பொண்ணு இவ்வளவு பேரைச் சங்கடத்துல விடலாமா?"

வெள்ளிக்கிழமை வந்தது. இறைச்சி தவிர்க்கும் தவக்காலம் என்பதால் தேவாலயத்தில் மீன் வறுவல் விருந்து. டாக்டர் ஹாஸ்கின்ஸ் நாலு மணிக்கே கிளம்பிவிட்டார். கிளம்பும் முன், சான்றிதழில் ஒட்டும் முத்திரைத் தாள்களை எண்ணி என் இழுப்பறையில் வைத்தார்.

"இருபத்துநாலு இருக்கு ரஸ். திங்கட்கிழமையும் இருபத்துநாலு இருக்கணும்."

நாலே முக்காலுக்கு லோர்னா வந்தாள். தபால் நிலையம் தெருவுக்கு எதிர்ப்பக்கம்தான்; வெள்ளிக்கிழமைகளில் ஐந்தரை வரை திறந்திருக்கும். உறையில் முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"யாரும் இல்ல ரஸ். ஒரே ஒரு தாள்."

சான்றிதழை அச்சடித்து முத்திரை ஒட்ட ஒரு நிமிஷம் போதும். சிவப்புக் கட்டத்தை எப்படித் தாண்டுவது என்றும் எனக்குத் தெரியும். அவள் கேட்டது நியாயம். அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். நானும் அதே கடனை வாங்கியவன். சவ அடக்க உரிமம் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. லாப நோக்கமில்லாத நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பத்து வருஷம், மாதத்துக்கு ஒன்றாக நூற்றிருபது தவணை கட்டினால் மிச்சக் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்துவிடும். எங்கள் கல்லூரி அப்படிப்பட்ட நிறுவனம்தான், காகிதத்தில். நான் இங்கேதான் வேலை பார்த்தேன் என்று கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியவர் டாக்டர் ஹாஸ்கின்ஸ். வாங்கியது அறுபத்தோராயிரம். கட்டக் கட்ட வளர்ந்து இன்று எழுபத்துநாலாயிரத்தில் நிற்கிறது.

"இன்னும் எத்தனை தவணை?" என்றாள்.

"ஒன்பது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உறையை ஜன்னல் பலகைமேல் வைத்து, அதன் ஓரத்தைக் கொஞ்ச நேரம் விரலால் நீவினாள்.

"ஒன்பதும் முடிஞ்சப்புறம் என்ன பண்ணப் போறீங்க ரஸ்?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு மேலாக நான் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அதற்கு அப்பால் ஒரு நாளையும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். சுவர்க்கடிகாரத்தில் மணி நாலு ஐம்பத்தேழு.

"ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடும்" என்றேன்.